பிள்ளைகள் போட்ட ஓட்டை மாற்றாதீர்கள்: மாணவர் வாசிப்புத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூல் தேர்வுக் குழுவினருக்கு,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை என் வகுப்புக்கும் வந்தது. அதில் இரண்டு முடிவுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஆண்டு நீங்கள் அனுப்பிய ஐந்து நாவல்களில் பிள்ளைகள் படித்து ஓட்டுப் போட்டு முதலிடம் கொடுத்த நாவலை ஒதுக்கிவிட்டு, அதே ஓட்டில் நான்காவதாக வந்த நூலை 'மாணவர் விரும்பிய நூல்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு முதல் பட்டியலில் நாவல்களே இருக்காது, நீதிக்கதைத் தொகுப்புகள் மட்டும்தான், ஓட்டும் கிடையாது, சிறந்த நூல் எது என்று குழுவே சொல்லிவிடும் என்பது மற்றது. இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. பெற்றோர்களும் மற்ற ஆசிரியர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்போது பொதுவில் எழுதுகிறேன்.

மொரிசியஸில் காத்ர் போர்ன் ஊர்ப் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுப்பவள் நான். என்னிடம் வருகிற பிள்ளைகள் ஆறாம் கிரேடிலிருந்து ஒன்பதாம் கிரேடு வரை படிப்பவர்கள். பகலெல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடம். வீட்டிலும் பஸ்ஸிலும் விளையாடும் இடத்திலும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தமிழ் அவர்களுக்கு அட்டவணையில் ஒரு பாடம், கோவிலில் கேட்கிற பாட்டு, அப்புறம் சினிமா. தொடக்கப்பள்ளியின் கடைசியில் வரும் ஆறாம் கிரேடு பி.எஸ்.ஏ.சி. பரீட்சை முடிந்த கையோடு தமிழை விட்டுவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், உங்களில் பலர் என்னைவிட அதிக காலம் வகுப்பில் நின்றவர்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பிள்ளை, யாரும் சொல்லாமல், மார்க்குக்காக இல்லாமல், ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. உங்கள் திட்டம் அதைச் சாதித்தது. அதனால்தான் அதை நீங்களே கலைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பாடநூலில் ஒரு பத்தி வரும், கீழே கேள்விகள் வரும், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அது தேவைதான், நானும் அதைத்தான் நடத்துகிறேன். ஆனால் பத்தி முடிந்ததும் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று எந்தப் பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி வருவதற்குக் கதை நீளமாக இருக்க வேண்டும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்கு எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு நாவல்தான் வேண்டும், எண்பது பக்கமானாலும் சரி.

பிள்ளைகள் முதலிடம் கொடுத்த நாவலின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியவரை நம் சச்சரவுக்குள் இழுப்பது நியாயமில்லை. கதை மட்டும் சுருக்கமாக: கடற்கரைக் கிராமம், புயல் வரப்போகிற இரவு. ஒரு சிறுமி அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கொண்டுவரப் போகிறாள். நாவல் பாதிக்கு மேல் அந்த ஒரே இரவுதான்.

அந்தப் புயல் இரவை என் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அப்படி வாய்த்திருக்காது என்று நினைக்கிறேன். 'அந்த ஊரில் கிளாஸ் எத்தனை கொடுத்திருந்தார்கள் மிஸ்?' என்றுதான் முதல் கேள்வியே வந்தது. கிளாஸ் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று புயல் எச்சரிக்கையை எண்ணி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கதையில் அப்படி எதுவும் வரவில்லை, வானொலியில் சொன்னார்கள் என்று மட்டும் இருந்தது. அவ்வளவுதான், வகுப்பே ஆரம்பித்துவிட்டது. கிளாஸ் மூன்றாக இருந்தால் அவள் வெளியே போயிருக்கவே கூடாது என்றான் ஒருவன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் தண்ணீரில் மிதந்த கார்களைப் பற்றி இன்னொருத்தி சொல்ல ஆரம்பித்தாள். பாதி தமிழ், பாதி கிரியோல். நான் தடுக்கவில்லை. தமிழில் சொல்லத் தெரியாத இடத்தில் என்னைக் கேட்டார்கள், சொல் கொடுத்தேன், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மேலே பேசினார்கள். பயிற்சி ஏட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வகுப்பு என்னால் நடத்த முடிந்ததில்லை.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். சுற்றறிக்கையில் மூன்று காரணங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நாவலில் பேச்சுத்தமிழ் அதிகம், சிறுமி பொய் சொல்கிறாள், அதற்குத் தண்டனையும் இல்லை, நல்ல இலக்கியம் எது என்று தீர்மானிக்கிற முதிர்ச்சி அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

பேச்சுத்தமிழிலிருந்து தொடங்குகிறேன். எட்டாம் கிரேடில் ஒரு பையன் இருக்கிறான். வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். 'ற'வும் 'ர'வும் இன்றும் அவனுக்குத் தகராறுதான். அந்த நாவலில் பாட்டி பேத்தியைப் பார்த்து 'எங்கடி போனே இத்தனை நேரம்?' என்று கேட்கிற ஒரு வரி வருகிறது. விரலை நகர்த்திக்கொண்டே வந்தவன் அங்கே நின்றான். மறுபடி ஒரு தடவை மனசுக்குள் படித்தான். பிறகு தலையைத் தூக்கி, சினிமாவில் பாட்டிகள் பேசுகிற அதே ராகத்தில், ஒரே மூச்சில் சொன்னான். கூட்டிப் படிக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு மேற்கோள் குறி வருகிற இடமெல்லாம் அவன்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தான்.

ஏன் இப்படி என்றால், அவன் காதில் ஏற்கெனவே இருக்கிற தமிழ் அது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காது வழியாக வருவது படத்திலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும்தான். கண் வழியாக வருவது 'நீ எங்கே சென்றாய்?' என்கிற பாடநூல் தமிழ். இரண்டும் ஒரே மொழி என்று நாம் எத்தனை சொன்னாலும் அவர்களுக்கு அது ஒட்டுவதில்லை. ஒரு நாவலில்தான் ஆசிரியர் கதை சொல்கிற எழுத்துத்தமிழும், பாத்திரங்கள் பேசுகிற தமிழும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. பேச்சு வருகிற இடத்தில் வேகமாக ஓடுகிறவன், அந்த உற்சாகத்திலேயே அடுத்த எழுத்துத்தமிழ் வரியையும் தாண்டிவிடுகிறான். இதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கான நாவல்களில் பாத்திரங்கள் பேச்சுத்தமிழில் பேசுவது எத்தனையோ காலமாக நடக்கிறது, அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பிள்ளைகளின் புத்தகத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தடை?

பொய்க்கு வருவோம். நீதிக்கதையில் கடைசி வரியில் நீதியை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள், மார்க் வாங்குகிறார்கள். இந்த நாவலில் ஆசிரியர் அந்த வரியை எழுதவில்லை. அதனால் அந்த வேலையைப் பிள்ளைகள் செய்தார்கள். சிறுமி செய்தது சரியா தப்பா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வீட்டுப்பாடமே கொடுக்காத ஒரு நாளில், ஏழாம் கிரேடு மாணவி ஒருத்தி ஏட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்: 'அவள் பொய் சொன்னது தப்பு. ஆனால் போகாமல் இருந்தால் கன்றுக்குட்டி செத்திருக்கும். நான் என்றால் அம்மாவிடம் சொல்லுவேன். அம்மாவும் கூட வருவாங்க.' எழுத்துப்பிழைகள் இருந்தன, இங்கே நான் திருத்தியிருக்கிறேன். பொய்யைப் பற்றி ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைவிடப் பொறுப்பாக என்ன எழுத முடியும்? அந்தத் தாளை என் சுற்றறிக்கைக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் கொண்டுவருகிறேன்.

ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பு அவற்றைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அவற்றுக்கு வகுப்பில் இடம் இருக்கிறது, கோவில் விழாவில் இருக்கிறது, ஒப்பித்தல் போட்டியில் இருக்கிறது. நாவலுக்கு இந்த ஒரு திட்டத்தைத் தவிர வேறு இடமே கிடையாது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. பிள்ளைகளுக்குத் தீர்மானிக்கத் தெரியாது என்கிறீர்கள். அந்த ஐந்து நாவல்களையும் தேர்ந்தெடுத்தது யார்? நீங்கள்தான். நீங்கள் படித்து, விவாதித்து, இவை நம் பிள்ளைகள் படிக்கத் தகுந்தவை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. அந்த ஐந்தில் எதைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தாலும் அது உங்கள் பட்டியலுக்கு உள்ளேதானே? பெரியவர்களின் தீர்ப்பு பட்டியலோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது அவர்களுடைய முறை.

இது என் சொந்தக் கருத்தும் இல்லை. இந்த மாதிரித் திட்டங்கள் எங்கெங்கே நன்றாக நடக்கின்றனவோ அங்கெல்லாம் ஏற்பாடு இதுதான். பிரான்சில் 1988 முதல் 'ஆங்கொரப்திப்ல்' பரிசு என்று ஒன்று நடக்கிறது. மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை வயதுக்கு ஏற்ற பட்டியல்கள். பட்டியலில் உள்ளவற்றைப் படிப்பேன், ஒவ்வொன்றைப் பற்றியும் சொந்தமாக ஒரு கருத்துக்கு வருவேன், பிடித்ததற்கு ஓட்டுப் போடுவேன் என்று பிள்ளைகள் உறுதி சொல்லிச் சேர்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் புளூபானட் விருதுக்கு நூலகர்கள் 20 நூல்களின் பட்டியல் தருகிறார்கள், மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அதில் குறைந்தது ஐந்தைப் படித்தால்தான் ஓட்டு. பட்டியல் பெரியவர்கள் கையில், படித்தாக வேண்டும் என்பது விதி, முடிவு பிள்ளைகள் கையில். நீங்கள் முதலில் எங்களுக்கு அனுப்பிய விதிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தன: ஐந்தில் மூன்றைப் படித்திருக்க வேண்டும், சீட்டில் பெயர் எழுதக் கூடாது, பிள்ளைகள் முன்னாலேயே எண்ண வேண்டும். நல்ல விதிகள். அவற்றை யார் எழுதினார்களோ அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

பெரியவர்களும் பிள்ளைகளும் வேறு வேறு நூலைத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது என்று ஒருவேளை நீங்கள் யோசித்திருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. பிரான்சில் கோங்கூர் என்கிற இலக்கியப் பரிசை கோங்கூர் அகாதெமியின் எழுத்தாளர்கள் தருகிறார்கள். 1988இல் ரென் நகரத்தில் தொடங்கி, அதே கோங்கூர் பட்டியலை லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் படித்து, தங்கள் பங்குக்கு ஒரு பரிசை அறிவிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு நூலுக்குத்தான் போகின்றன. அதனால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை.

இந்த இடத்தில் நம் தீவின் கதையையும் சொல்ல வேண்டும். பிரான்சின் இன்னொரு இலக்கியப் பரிசான பெமினாவிலும் இதே போல மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரிவு உண்டு. 2016இல் அந்தப் பரிசு நதாஷா அப்பானாவுக்குக் கிடைத்தது. 2021இல் ஆனந்தா தேவிக்கு. இருவரும் மொரிசியஸில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய நாவல்கள் இதமான கதைகள் இல்லை, வன்முறையும் வறுமையும் நிறைந்தவை. அவற்றைப் படித்து, முதலிடம் கொடுத்தது பள்ளி மாணவர்கள். அந்தச் செய்தி வந்தபோது நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். பிரான்ஸ் மாணவர்களின் தீர்ப்பை நம்பி நம் எழுத்தாளர்களைக் கொண்டாடுகிற நாம், நம் சொந்தப் பிள்ளைகளின் தீர்ப்பை நம்ப மறுப்பது சரியில்லை. வயது வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். லிசே மாணவர்கள் பெரியவர்கள். அதனால்தான் நம் பட்டியலில் கன்றுக்குட்டிக் கதை இருக்கிறது, அந்த நாவல்கள் இல்லை.

ஓட்டுப் போட்ட நாளைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது எவ்வளவு நேர்மையாக நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. பிஸ்கெட் டின்னில் ஓட்டை போட்டுப் பெட்டி செய்திருந்தோம். மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை, மறைப்புக்கு ஒரு புடவை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது ஆறாம் கிரேடுப் பையன் ஒருவன் வரிசையைவிட்டு விலகி நின்றான். என்னவென்று கேட்டேன். மூன்றாவது புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பக்கம் பாக்கி இருக்கிறது, அதனால் எனக்கு ஓட்டு இல்லை என்று கிரியோலில் சொன்னான். அவன் படித்தானா இல்லையா என்று யாரும் சரிபார்க்கவில்லை, அவன் நினைத்திருந்தால் சீட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டு, எல்லாரும் போட்ட பிறகு கடைசி ஆளாக வந்து போட்டான்.

உங்கள் சுற்றறிக்கையை வகுப்பில் படித்துக் காட்ட வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான் வந்தது. படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி, 'எங்க சீட்டெல்லாம் தொலைஞ்சுபோச்சா மிஸ்?' என்று கேட்டாள். தொலையவில்லை என்றேன். அப்படியென்றால் எண்ணுவதில் தப்பு நடந்ததா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றேன். மேற்கொண்டு அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சீட்டு பத்திரமாக இருக்கிறது, எண்ணிக்கையும் சரி, ஆனாலும் நீ சொன்னது நடக்காது என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் வகுப்பு அலமாரியில் இருந்து யாரும் புத்தகம் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு சிலர் எடுத்தார்கள். பழைய வேகம் திரும்பவில்லை. தமிழ் விஷயத்தில் நம் பிள்ளைகள் விலகிப்போக ஏற்கெனவே ஆயிரம் காரணங்கள் இருக்கும்போது, நாமே இன்னொன்றைக் கொடுத்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் தமிழுக்கு ஏற்ற நாவல்கள் கிடைப்பதில்லை என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருகிற சிறுவர் நாவல்களில் பல நம் பிள்ளைகளுக்குக் கடினம்தான். வாக்கியம் நீளம், எழுத்து பொடி, அந்த ஊர்ப் பள்ளிக்கூட வழக்கங்கள் புரிவதில்லை. ஆனால் இருக்கிற நூல்களைத் தேடாமலே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாக பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறது. தமிழில் அதை வென்ற நூல்களில் நாவல்களும் உண்டு. 2020இல் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. இரண்டாவது, கீழடியைச் சுற்றி நடக்கிற கதை. பெரியவர்களின் நடுவர் குழு தேர்ந்தெடுத்தவை இவை, அதனால் தரம் பற்றிய உங்கள் கவலைக்கும் பதிலாக இருக்கும். முழுதாகப் படிக்க முடியாத வகுப்பில் ஆசிரியர் பாதியை வாசித்துக் காட்டலாம், மீதியைப் பிள்ளைகள் படிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கூட்டிப் படிக்கிற பிள்ளைகளை நாவல் வரைக்கும் கொண்டுவருவதற்கும் இப்போது பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்தும் கொடுக்கலாம். ஆண்டின் முதல் பருவத்தில் இவை, இரண்டாம் பருவத்தில் நாவல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகளால் மூன்று நாவல்களை எட்டிவிட முடியும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ஒரு வகுப்புக்கு ஒரு நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்தது, அதுவும் தாமதமாக. ஒரு பிள்ளை முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் ஒரு வாரம் போச்சு. புத்தகத்தின் விலை பெரிதில்லை, அனுப்புகிற செலவுதான் அதிகம் என்று சொன்னீர்கள். புரிகிறது. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. விடுமுறைக்கு அங்கே போய் வருகிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன. பட்டியலை நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டால், ஆளுக்குப் பத்துப் புத்தகம் என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்க நானே பலரைக் கேட்டுத் தருகிறேன். மார்ச்சுக்குள் புத்தகம் வகுப்பில் இருந்தால் ஜூலை விடுமுறைக்கு முன்னால் ஓட்டை முடித்துவிடலாம், பரீட்சைக் காலத்தோடு மோதாது.

என் பிள்ளைகள் கேட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நாவல்களில் ஒன்றாவது ஏன் நம் ஊரில் நடக்கவில்லை என்று கேட்டார்கள். கோர்-தெ-கார்த் மலைக்குக் காவடி எடுத்துப் போகிற கதை, கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடக்கிற கதை, ஏழு கறி பரிமாறுகிற கல்யாண வீட்டில் ஏதோ ஒன்று காணாமல் போகிற கதை என்று அவர்களே வரிசையாகச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தனை காலமாகத் தமிழ்ப் பாடநூல்களைத் தயாரித்து வருகிறது. ஒரு சின்ன நாவலை எழுதி அச்சிடுகிற அளவுக்கு நம் தீவில் அனுபவம் இல்லாமல் போகவில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

இந்த ஆண்டின் முடிவைத் திருத்தி அறிவியுங்கள். பிள்ளைகள் முதலிடம் கொடுத்த நாவலுக்கே 'மாணவர் விரும்பிய நூல்' என்ற பட்டம் போக வேண்டும். நான்காவதாக வந்த நூல் குழுவுக்குப் பிடித்திருந்தால் அதற்குக் 'குழுவின் பரிசு' என்று தனியாகக் கொடுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன். திருத்திய அறிவிப்பை ஆசிரியர்களுக்கு மட்டும் அனுப்பாமல் பிள்ளைகளை நோக்கி எழுதுங்கள். ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் நாவல்களும் ஓட்டும் தொடர வேண்டும். நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றைக் கூடவே வையுங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்தால் அதற்கும் ஓட்டு விழும். ஒரு நூல் தகுந்ததில்லை என்று நினைத்தால் அதைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். ஓட்டு எண்ணிய பிறகு அந்தப் பேச்சே எழக் கூடாது என்பதை விதிகளில் எழுத்தாகச் சேருங்கள்.

பட்டியல் முடிவு செய்கிற கூட்டத்தில் மாலை வகுப்பு ஆசிரியர்கள் இருவருக்கும், எட்டாம் ஒன்பதாம் கிரேடு மாணவர்கள் இருவருக்கும் இடம் கொடுங்கள். மாணவர்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாம், முந்தைய ஆண்டு நூல்களைப் பற்றி அவர்கள் பேசட்டும். வகுப்புக்கு ஒரு நாவலுக்கு மூன்று பிரதிகளாவது வேண்டும். மொரிசியஸில் நடக்கிற சிறுவர் நாவல் ஒன்றை எழுத வைக்க இந்த ஆண்டே அழைப்பு விடுங்கள்.

நவம்பரில் உங்கள் அடுத்த கூட்டம் இருப்பதாக அறிகிறேன். அதற்கு முன்னால் எழுத்தில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன். அந்தப் பதிலையும், முன்பு சுற்றறிக்கையைப் படித்தது போலவே, வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தமிழாசிரியை ஒருத்தி
காத்ர் போர்ன், மொரிசியஸ்